மண்ணும் சீமெந்தும்: செவன் கிங்ஸிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

1

சில மாதங்களுக்கு முன்னர் கிழக்கு இலண்டனில் நடந்த சிறிய கலந்துரையாடல் ஒன்றில் 'எமது நிலமும் நீரும்' என்ற பொருளில் பேசுமாறு என்னைக் கேட்டிருந்தார்கள். வந்திருந்தவர்கள் இருபது பேரளவில். பெரும்பாலும் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கு வந்து சேர்ந்தவர்கள். இயக்கங்களின் வழியாகவோ அவற்றுக்குத் தப்பியோ வந்தவர்கள். நான் யாழ்ப்பாணத்தில் தொடங்காமல், நான் வசிக்கும் செவன் கிங்ஸின் முன்முற்றங்களில் தொடங்கினேன். பேச்சு முடிந்ததும் நண்பர் ஒருவர் எழுந்தார். "வலிகாமம் வடக்கில இன்னும் முழுக் காணியும் விடுபடேல்லை. காணாமல் ஆக்கப்பட்டவையின்ர தாய்மார் றோட்டில இருக்கினம். நீங்கள் இஞ்ச முன்வாசலுக்குக் கல் பதிக்கிறதைப் பற்றிக் கதைக்கிறியள்" என்றார்.

நியாயமான கேள்வி. அன்று நான் கொடுத்த பதில் எனக்கே திருப்தியளிக்கவில்லை. அதை ஆறுதலாக எழுதிப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை. தொடங்குமுன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 1998இல் இங்கு என் வீட்டின் முன்தோட்டத்தைச் சீமெந்தால் மூடுவித்தவன் நான்தான். 2011இல் கோண்டாவிலில் எமது வளவின் முற்றத்துக்குக் கல் பதிக்கவென்று காசு அனுப்பியவனும் நான்தான். எனவே இதை வெளியே நின்று பிறரைக் குற்றம்சாட்டும் கட்டுரையாகக் கொள்ள வேண்டாம்.

2

செவன் கிங்ஸ் என்ற பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். ஏழு சாக்சன் அரசர்கள் இங்குள்ள ஓடையருகே சந்தித்தார்களாம். இடப்பெயர் ஆய்வாளர்கள் இதை ஏற்பதில்லை. செயோஃபெக்கா என்ற ஒருவனின் ஆட்கள் குடியிருந்த இடம் என்பதே காலப்போக்கில் 'ஏழு அரசர்' ஆகத் திரிந்தது என்பது அவர்கள் விளக்கம். அரசர்கள் வராவிட்டாலும் ஓடை உண்மையானது. செவன் கிங்ஸ் வோட்டர் என்ற பெயரில் பூங்காவின் ஊடாக ஓடி, தெற்கே லொக்ஸ்போர்ட் வோட்டர் என்று பெயர் மாறி, றோடிங் ஆற்றோடு கலந்து தேம்ஸுக்குப் போகிறது. இடையிடையே அதை நிலத்தடிக் குழாய்களுக்குள் அடைத்திருக்கிறார்கள். ஹை றோட்டைக் கடந்து தமிழ்க் கடைக்குப் போகும் பலருக்குத் தங்கள் காலுக்குக் கீழே ஓர் ஓடை போவது தெரியாது.

நூற்றைம்பது வருடங்களுக்கு முன் இது தோட்ட நிலம். இலண்டன் சந்தைக்கு உருளைக்கிழங்கும் கோவாவும் அனுப்பிய விவசாயப் பிரதேசம். மண்ணின் அமைப்பு அதற்கு இடங்கொடுத்தது. அடியில் இறுக்கமான இலண்டன் களிமண். அதன்மேல் தேம்ஸ் பண்டைக் காலத்தில் விட்டுச்சென்ற கூழாங்கற் படை. அதற்கும் மேலே பல இடங்களில் செங்கல் சுடத்தக்க மென்மண். 1864இல் இல்போர்ட் செங்கற்களம் ஒன்றில் மண் வெட்டும்போதுதான் பிரபலமான மமத் யானையின் மண்டையோடு கிடைத்தது. கூழாங்கற்படை மழையை உறிஞ்சி மெதுவாக ஓடைக்கு விடும். நெடுங்காலம் இப்பிரதேசத்தின் நீர் முகாமைத்துவம் இவ்வளவுதான். அதற்குப் பொறியியலாளரும் தேவைப்படவில்லை, வரவு செலவுத் திட்டமும் தேவைப்படவில்லை.

1839இல் இப்பாதையால் புகையிரதம் போனது. ஆனால் அறுபது வருடங்களாகச் செவன் கிங்ஸில் நிற்கவில்லை. நிற்க வைத்தவர் ஆர்ச்சிபால்ட் கமரன் கோர்பெட் என்ற ஸ்கொட்லாந்துக்காரர். கிளாஸ்கோவின் பாராளுமன்ற உறுப்பினர், வீடமைப்பு முதலாளி, தீவிர மதுவிலக்காளர். தான் கட்டிய குடியிருப்புகளில் ஒரு தவறணைக்கும் அவர் இடம்விடவில்லை. அவருடைய வீட்டுத் திட்டங்களோடு 1899 மார்ச்சில் செவன் கிங்ஸ் நிலையமும், 1901 பெப்ரவரியில் குட்மேஸ் நிலையமும் திறக்கப்பட்டன. 1891இல் சுமார் 11,000 பேராக இருந்த இல்போர்டின் சனத்தொகை 1901இல் 41,000ஐத் தாண்டியது. 1911இல் 78,000 ஆனது. இருபது வருடத்தில் தோட்டங்கள் தெருக்களாயின.

இன்று எங்களில் பலர் வாங்கி வைத்திருப்பது இந்த வீடுகளைத்தான். அரைவட்டமாகத் துருத்தும் யன்னல், ஒட்டிய சுவர்கள், பின்னால் நீண்ட ஒடுங்கிய தோட்டம், முன்னால் பதிவான மதிலும் செடிவேலியும் கொண்ட சிறு நிலத்துண்டு. எபனேசர் ஹொவார்ட் பூங்கா நகரக் கோட்பாட்டை நூலாக வெளியிட்டதும் இக்காலத்தில்தான், 1898இல். கோர்பெட் ஹொவார்டைப் போன்ற கனவுக்காரரல்லர், வீடு விற்றவர். ஆயினும் தெருவுக்கும் வீட்டுக்கும் இடையில் கொஞ்சம் மண் இருக்க வேண்டும் என்பது அன்று வியாபாரிக்கும் தெரிந்திருந்தது. அந்தத் துண்டின் பயன் அழகு மட்டும் என்றே வாங்கியவர்கள் நினைத்திருப்பார்கள். கூரையில் விழாத மழை நிலத்துக்குள் இறங்குவதற்கு இருந்த வழியும் அதுதான்.

3

நாங்கள் வந்தபோது அந்த முன்தோட்டம் எங்களுக்கு ஒரு வீணான இடமாகத் தெரிந்தது. இதில் ஆச்சரியமில்லை. பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை, விடியப் பத்திரிகை அடுக்கும் வேலை, மினிக்கப் ஓட்டம் என்று வாழ்ந்தவனுக்குக் கார் என்பது ஆடம்பரப் பொருளல்ல, தொழிற்கருவி. அதை வாசலில் விட வேண்டும். தெருவில் இடமில்லை. மதிலை உடைத்து, செடியைப் பிடுங்கி, கல்லைப் பரப்பி, மேலே சீமெந்தை ஊற்றினோம். அயலில் இருந்த வெள்ளையரும் பஞ்சாபியரும் அதையே செய்தார்கள். இதில் எம்மைத் தனியாகப் பிரித்துச் சொல்ல எதுவுமில்லை.

விளைவை மட்டும் கணக்கிட்டுப் பார்க்கலாம். இலண்டனில் ஆண்டொன்றுக்குச் சுமார் 600 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. 20 சதுர மீற்றர் முன்தோட்டமொன்றில் விழுவது 12,000 லீற்றர். ஒரு வீட்டுக்கு இது பெரிதல்ல. ஆனால் 2005இல் இலண்டன் சபை வெளியிட்ட அறிக்கை, நகரத்தின் முன்தோட்டங்களில் மூன்றிலிரண்டு பகுதியாகவேனும் மூடப்பட்டுவிட்டன என்றும், மூடிய பரப்பு 12 சதுர மைலளவு, அதாவது 22 ஹைட் பார்க்குகளுக்குச் சமம் என்றும் கூறியது. ஒரு சட்டமும் அனுமதியும் இல்லாமல், ஒரு பெரிய கம்பனியின் தலையீடும் இல்லாமல், இலட்சக்கணக்கான வீட்டுக்காரர் தனித்தனியே எடுத்த சிறிய, நியாயமான முடிவுகளின் கூட்டுத்தொகை இது. 2008 ஒக்ரோபரிலிருந்து, நீர் புகாத பொருளால் 5 சதுர மீற்றருக்கு மேல் முன்தோட்டத்தை மூடுவதானால், ஓடும் நீரைத் தோட்ட மண்ணுக்கே திருப்பிவிடாதவிடத்து, அனுமதி பெற வேண்டும் என இங்கிலாந்தில் விதி வந்தது. அதற்குள் செய்ய வேண்டியவர்கள் செய்து முடித்துவிட்டோம்.

2021 யூலை 12ஆம், 25ஆம் திகதிகளில் இலண்டனின் சில பகுதிகளில் ஒரு மாத மழை சில மணித்தியாலங்களில் கொட்டியது. எங்கள் பக்கத்து விப்ஸ் குறொஸ் வைத்தியசாலையின் கீழ்த்தளத்தில் வெள்ளம் புகுந்து மின்சாரம் தடைப்பட, நோயாளரை வேறிடம் மாற்றினார்கள். ஆறு எதுவும் கரையுடைத்து வந்த வெள்ளமல்ல அது. விழுந்த இடத்தில் இறங்க வழியற்றுத் தெருவுக்கு வந்த மழை.

இதன் மறுபக்கம் இன்னும் விசித்திரமானது. இதே இலண்டன், பிரித்தானிய அரச அமைப்புகளின் வகைப்படுத்தலில் கடுமையான நீர் நெருக்கடிப் பிரதேசம். செவன் கிங்ஸிலிருந்து சில மைல் தெற்கே பெக்ரனில், தேம்ஸின் உவர்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010இல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 150 மில்லியன் லீற்றர் தரக்கூடியதாக வடிவமைக்கப்பட்டது. அதிக மின்சாரம் தின்னும் இத்திட்டத்தை அன்றைய மேயர் கென் லிவிங்ஸ்ரன் எதிர்த்தார். அடுத்து வந்த பொரிஸ் ஜோன்சன் எதிர்ப்பைக் கைவிட்டார். 2022இல் கடும் வரட்சி வந்தபோது அந்த நிலையம் இயங்கும் நிலையில் இருக்கவில்லை. மழையை அவசர அவசரமாகத் தேம்ஸுக்கு அனுப்பிவிட்டு, பிறகு அதே தேம்ஸின் உப்பைப் பிரித்தெடுத்துக் குடிக்கும் நகரம் ஒன்றில் வாழ்கிறோம்.

4

இந்த இடத்தில் யாழ்ப்பாணத்துக்கு வருகிறேன். நண்பரின் கேள்விக்கு விடை அங்குதான் இருக்கிறது.

ஆயிரம் சதுர கிலோமீற்றரளவான யாழ் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கமாகக் கடலேரிக்குப் போகும். ஆண்டு மழை 1,250 மில்லிமீற்றரளவில். அதில் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாதத்தில் பெய்து தீரும். மீதி ஒன்பது மாதமும் குடித்ததும் குளித்ததும் தோட்டம் இறைத்ததும் நிலத்துக்குக் கீழிருந்த நீரால். அதைத் தாங்கி நிற்பது சுண்ணாம்புக்கல். துளையும் வெடிப்புமான அந்தக் கல்லுக்குள் மழைநீர் இறங்கி, கனம் கூடிய கடல்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நின்றால், கீழே சுமார் 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்பது ஒல்லாந்தரான கைபனும் ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவையொட்டித் தனித்தனியே கண்டறிந்த விதி. இதைத் திருப்பி வாசித்தால் அச்சம் தரும்: மேலே ஒரு மீற்றர் குறைந்தால் கீழிருந்து 40 மீற்றர் உப்பு ஏறும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவரும் இருப்பதை எங்கள் முன்னோர் அதிசயமென்று காட்டினார்கள். குடாநாடு முழுவதற்கும் அது ஒரு மாதிரிப் படம்.

இதை அறிந்தோ அனுபவத்தாலோ அமைத்த ஏற்பாடுகள் இருந்தன. ஆயிரமளவான சிறு குளங்கள், கேணிகள், துரவுகள், வயலை நோக்கிப் போகும் வெள்ளவாய்க்கால்கள். வளவைச் சுற்றிக் கிடுகு வேலி. வெள்ளம் அதற்கூடாக நடந்து போகும். முற்றம் மண், விடியக் கூட்டித் தண்ணீர் தெளிப்பார்கள். ஒரு இலட்சமளவான கிணறுகளிலிருந்து துலாவாலும் பட்டையாலும் இறைத்த நீர், மனித உடம்பின் களைப்பு அனுமதித்த அளவுக்கு மட்டுமே வெளியே வந்தது. ஐம்பதுகளுக்குப் பின் வந்த நீரிறைக்கும் இயந்திரம் அந்த எல்லையை எடுத்துவிட்டது. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் பணம் கொடுத்தன. செயற்கை உரம் வந்தது. கிணற்று நீரில் நைத்திரேற்று கூடியிருப்பதை 1980களிலேயே ஆய்வாளர் எடுத்துக் காட்டினர்.

அரசும் யோசிக்காமல் இருக்கவில்லை. கடலேரிகளை அடைத்து நன்னீராக்கும் எண்ணம் 1879இல் யாழ்ப்பாண அரசாங்க அதிபராக இருந்த ட்வைனம் காலத்திலிருந்து வருவது. தொண்டைமானாற்றுத் தடுப்பணை 1953இல் முடிந்தது. ஆனையிறவுக் கடலேரியையும் சேர்த்து, 1954இல் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டம் அரைகுறையாகச் செய்யப்பட்டு யுத்தத்தோடு நின்றது. அதன்பின் இரணைமடு நீரைக் கொண்டுவரும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். அவர்களுடைய எதிர்ப்பில் நியாயம் இருந்தது. கடைசியில் வடமராட்சி கிழக்கில் தாழையடியில், மீனவரின் எதிர்ப்புக்கிடையே, நாளொன்றுக்கு 24 மில்லியன் லீற்றர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது.

பெக்ரனும் தாழையடியும். நான் வாழ்ந்த இரண்டு இடங்களும் மழையைத் துரத்திவிட்டுக் கடலைக் குடிக்கத் தொடங்கியிருக்கின்றன.

5

யாழ்ப்பாணத்தில் மழையைத் துரத்தியது எது? யுத்தம் ஒரு பதில். சுன்னாகத்தில் அனல்மின் நிலையச் சூழலிலிருந்து கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்தது இன்னொரு பதில். அவ்வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின்னுற்பத்திக் கம்பனிக்கு எதிராக 20 மில்லியன் ரூபா நட்டஈடு விதித்தது. இவை வெளியே சுட்டிக் காட்டக்கூடிய எதிரிகள். மூன்றாவது பதில் எங்களைச் சேர்ந்தது. அதைச் சொல்ல சீமெந்தின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது. களிமண் மன்னார் முருங்கனிலிருந்து வந்தது. சுண்ணாம்புக்கல் அந்த இடத்திலேயே தோண்டப்பட்டது. எங்கள் நீரைத் தாங்கி நின்ற கல்லை உடைத்துச் சுட்டு, நீர் புகாத பொருளாக மாற்றி, நாடு முழுவதற்கும் அனுப்பினோம். அன்று இதை யாரும் இவ்வாறு பார்க்கவில்லை. வடக்கின் பெருமை அது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. 1990இல் யுத்தத்தோடு நின்றது. தோண்டிய பள்ளங்கள் மிச்சம்.

அதே 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் சீமெந்தும் ஒரு தடைசெய்யப்பட்ட பொருள். பதுங்குகுழிகளுக்குப் பனைகள் தறிக்கப்பட்டன. மண்ணெண்ணெய் இல்லாமல் இயந்திரங்கள் நிற்க, சில தோட்டங்களில் துலா மீண்டும் ஆடியது. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் எழும்பிப் போனது. திரும்பி வந்தவர்கள் கூரையில்லாத வீடுகளைக் கண்டார்கள்.

இந்த வரலாற்றுக்குப் பிறகு ஒருவன் சீமெந்தை எப்படிப் பார்ப்பான்? அது எங்களுக்கு 'இனி எழும்ப மாட்டோம்' என்ற சத்தியம் ஆனது. 2009க்குப் பின் ஏ9 பாதையால் சீமெந்து தடையின்றி வந்தபோது, வெளிநாட்டுக் காசும் சேர்ந்தே வந்தது. கிடுகு வேலி மதிலானது. மதிலுக்குள் முற்றம் கல் பதித்ததாயிற்று. வெள்ளவாய்க்காலின் மேல் வாசற்படி ஏறியது. சில குளங்கள் நிரவப்பட்டுக் கட்டடமாயின. வீட்டுக்காரர் ரொறன்ரோவிலோ பாரிஸிலோ செவன் கிங்ஸிலோ. வீட்டில் ஒரு காவற்காரர், அல்லது பூட்டு. எங்கள் கோண்டாவில் வளவில் மூடியது 200 சதுர மீற்றர். வருடமொன்றுக்கு அதில் விழும் மழை இரண்டரை இலட்சம் லீற்றர். ஆவியானதும் ஓடியதும் போக மூன்றிலொன்றுதான் கீழே இறங்கியிருக்கும் என்று கொண்டாலும் எண்பதினாயிரம் லீற்றருக்கு மேல். அது இப்போது ஒழுங்கைக்குப் போகிறது. ஒழுங்கையிலிருந்து, மதில் கட்டக் காசில்லாத வீட்டுக்குப் போகிறது. 2020 டிசம்பரில் புரேவிப் புயலின்போதும் 2024 நவம்பரிலும் குடாநாட்டில் வீடுகளுக்குள் வெள்ளம் நின்றதை அளவுக்கு மீறிய மழையின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது.

எமது கவிதைகளிலும் மேடைகளிலும் 'மண்' என்ற சொல்லுக்குக் குறைவில்லை. மண் மீட்பு, மண்ணின் மைந்தர், மண் வாசனை. அந்தச் சொல் எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவுக்குக் காலடி மண் மறைந்தது. மண்ணைக் குறியீடாகக் கொண்டாடிய ஒரு தலைமுறை, கையில் காசு வந்ததும் அதை மூடியது. இதில் நானும் அடக்கம்.

6

இவ்விடத்தில் இரு எச்சரிக்கைகள் அவசியம்.

முதலாவது, பழையதைப் பொற்காலமாக்கும் ஆபத்து. துலாவும் கேணியும் கிடுகு வேலியும் இருந்த அந்த யாழ்ப்பாணத்தில் எல்லோரும் எல்லாக் கிணற்றிலும் அள்ள முடியாது. ஒடுக்கப்பட்ட சாதியினர் குடத்தோடு காத்திருந்து, 'உயர்' சாதியார் ஒருவர் அள்ளி ஊற்றும்வரை நின்ற ஊர் அது. அவர்களுடைய குடியிருப்புகள் பெரும்பாலும் வெள்ளம் நிற்கும் பள்ளங்களிலும் உவர் நிலங்களிலும் அமைந்தது தற்செயலல்ல. 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது அவர்களும் வீடுகளையும் கிணறுகளையும் விட்டுத்தான் போனார்கள். நிலத்தடி நீர் வேலியையோ மதிலையோ சாதியையோ அறியாது. கீழே அது ஒரே நீர். மேலே அதைப் பங்கிட்ட விதத்தில்தான் எங்கள் சமூகம் தெரிந்தது. ஆகவே 'முன்னோரின் நீர் ஞானம்' என்று பேசும்போது யாருடைய முன்னோர், யாருக்கான நீர் என்ற கேள்வியையும் சேர்த்தே பேச வேண்டும்.

இரண்டாவது, சூழல் பாதுகாப்பு அரசின் கையில் ஆயுதமாகும் ஆபத்து. 2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டு, கொழும்பை அழகுபடுத்தும் பெயரில் கொம்பனித்தெரு போன்ற இடங்களில் ஏழைக் குடும்பங்கள் அகற்றப்பட்டன. அதே கொழும்பு 2018இல் ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. ஈரநிலங்களைக் காத்தது நல்லதே. ஆனால் இரு செய்திகளையும் ஒருசேர வாசிக்க வேண்டும். வடக்கில் 2015 யூனில் சுண்டிக்குளமும் நெடுந்தீவும் தேசிய பூங்காக்களாக அறிவிக்கப்பட்டபோது, அங்கு மீன்பிடித்தும் மாடு மேய்த்தும் வாழ்ந்தவர்களுக்கு அது இன்னொரு வேலியாகவே தெரிந்தது. நண்பரின் சந்தேகம் இங்கிருந்துதான் வருகிறது என நினைக்கிறேன். சூழலியல் பேசுபவரெல்லாம் கடைசியில் காணியைக் கேட்பார்கள் என்ற அனுபவம் எமக்குண்டு.

ஆனால் இதற்கான பதில் சூழலியலைக் கைவிடுவதாக இருக்க முடியாது. எங்கள் நிலத்தின் நீரை நாங்களே பேணாவிட்டால், பேணும் உரிமையை இன்னொருவர் எடுத்துக்கொள்வார். காணியை மீட்டபின் கிணறு உவராக இருந்தால், மீட்டது என்ன? காணிப் போராட்டமும் நீர்ப் போராட்டமும் ஒன்றையொன்று தள்ளிவைக்கக் கூடியவை அல்ல.

7

செய்யக்கூடியது என்ன? 'புத்தாக்கம்' என்ற சொல் இப்போது எல்லா அறிக்கைகளிலும் வருகிறது. இத்துறையின் வரலாற்றைப் பார்த்தால், புதியதெனச் சொல்லப்படுபவற்றில் பல, எதை மூடாமல் விடுவது என்ற பழைய அறிவுதான். ஸ்கொட்லாந்தரான பற்றிக் கெடிஸ் 1915இல் சென்னை மாகாண நகரங்களைச் சுற்றிப் பார்த்தவர். 1921இல் கொழும்புக்கும் திட்ட அறிக்கை எழுதியவர். மலேரியாவின் பெயரால் குளங்களைத் தூர்க்கும் அதிகாரிகளோடு அவர் வாதாடினார். குளத்தைத் துப்புரவாக்கி மீனும் வாத்தும் விடுங்கள், நுளம்புப் புழுவை அவை பார்த்துக்கொள்ளும் என்பது அவர் யோசனை. அதைக் கேட்காத நகரங்களில் ஒன்று சென்னை. 2003இல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது துணிச்சலான முடிவு. ஆயினும் ஏரிகளும் பள்ளிக்கரணைச் சதுப்பும் சுருங்கிக்கொண்டே வந்ததில், 2015 டிசம்பரில் நகரம் மூழ்கியது. 2019 யூனில் அதன் நீர்த்தேக்கங்கள் வரண்டன. வீட்டுக் குழி மட்டும் போதாது, குளமும் வாய்க்காலும் கூட வேண்டும் என்பது அங்கிருந்து கிடைக்கும் பாடம்.

செவன் கிங்ஸுக்கு அருகே, பார்க்கிங் பக்கத்து மேஸ்புறூக் பூங்காவில் நேராக வெட்டி வேலிக்குள் அடைத்திருந்த ஓடையை 2011இல் வளைந்து ஓட விட்டு, வெள்ளம் பரவ இடம் கொடுத்தார்கள். ஒரு பவுண் செலவுக்கு ஏழு பவுண் நன்மை என்று அதன் ஆயுட்காலப் பயனை மதிப்பிட்டனர். யாழ்ப்பாணத்தில் ஆரியகுளம் 2021இல் புனரமைக்கப்பட்டது. மாநகரசபையும் தனியார் கொடையும் சேர்ந்து செய்த அவ்வேலை வரவேற்கத்தக்கது. ஆனால் குளம் என்பது நடைபாதையும் விளக்கும் சுற்றிய நீர்ப்பரப்பு மட்டுமல்ல. அதற்கு வரும் வாய்க்கால்களும் சேர்ந்துதான் குளம்.

இலண்டனில் எங்கள் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் ஆண்டுதோறும் கட்டடங்களுக்கும் கோபுரங்களுக்கும் மண்டபங்களுக்கும் காசு சேர்க்கின்றன. இவற்றிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான். இனிமேல் அனுப்பும் ஒவ்வொரு கட்டடக் காசோடும் மூன்று நிபந்தனைகள் போகட்டும்: கூரைநீர் நிலத்துக்குள் இறங்க வழி, வளவில் பாதியேனும் மூடாத மண், வெள்ளவாய்க்காலின் மேல் எதுவும் கட்டாமை. கிணறு பொதுக்கிணறானால் நான்காவது நிபந்தனை, எல்லோரும் அள்ளலாம் என்பது. எந்த அரசின் அனுமதியும் இதற்குத் தேவையில்லை.

கடந்த கோடையில் என் வீட்டு முன்முற்றத்தில் கார்ச் சில்லு படாத பகுதியை உடைத்தேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வெளிச்சம் காணாத கூழாங்கல் மண் கீழே கிடந்தது. அன்றிரவே கோண்டாவிலுக்குத் தொலைபேசி எடுத்துத் தம்பியிடம் முற்றத்துக் கல்லில் இரண்டு வரிசையாவது கழற்றச் சொன்னேன்.

"அண்ணை, நீங்கள் அனுப்பின காசிலதானே பதிச்சது. கழட்டுறதுக்கும் காசு அனுப்புவியளோ?" என்றான்.

அனுப்புகிறேன் என்றேன்.